39 வயதில் ஷட்டில் கற்றுக்கொண்டேன்: திருச்சியில் ஒரு கோச்சிங் வகுப்பில் மூன்று மாதம்

ஜூன் முதல் தேதி சேர்ந்து ஆகஸ்ட் கடைசியில் மூன்று மாதத்தை முடித்திருக்கிறேன். பெரியவர்களுக்கான ஆரம்பநிலை பேட்ச், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 முதல் 7. மாதம் 2,000 ரூபாய், மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 5,500, சேர்க்கைக் கட்டணம் தனியாக 1,000. அகாடமியின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், அதில் பாதி எந்த ஊர் கோச்சிங் சென்டரிலும் இருக்கக்கூடியவை, அதனால் பெயர் தெரிந்து உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த காசு வீணில்லை. முதல் மூன்று வாரம் எங்களை காக், அதாவது ஷட்டில் பந்து, அடிக்கவே விடவில்லை, அந்த மூன்று வாரத்துக்காகவே இந்த வகுப்பை எல்லோருக்கும் சொல்வேன். அந்தச் சமயத்தில் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள், இரண்டு பேர் நின்றேவிட்டார்கள், நானும் வீட்டில் வந்து புலம்பியிருக்கிறேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அங்கே கற்றதில் உருப்படியாக உடம்பில் தங்கியது அந்த மூன்று வாரப் பாடம்தான்.

எனக்கு விளையாட்டே புதிது என்று இல்லை. நம் ஊரில் ஷட்டில் பேட் பிடிக்காத கை எங்கே இருக்கிறது? சின்ன வயதில் தெருவில் நெட் இல்லாமல், மார்கழிக் காலையில் கோலம் அழியாமல் ஓரமாக நின்று, காக் மாடிச் சன்ஷேடில் போய் உட்கார்ந்தால் ஒட்டடைக் குச்சியால் தள்ளி எடுத்து, அப்படித்தான் விளையாடியிருக்கிறேன். போதாததற்கு அப்பா பூப்பந்து ஆடியவர். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்: மஞ்சள் நிறக் கம்பளி நூல் பந்தை வைத்து, வெளி மைதானத்தில், பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று ஆடுவது பூப்பந்து. அது தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம். நாம் ஷட்டில் என்று சொல்வதைத்தான் செய்தித்தாளில் இறகுப்பந்து என்று போடுவார்கள். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், பள்ளி அணியில் ஆடியிருக்கிறார், 1980-இல் பிரகாஷ் படுகோன் ஆல் இங்கிலாந்து ஷட்டில் போட்டியில் ஜெயித்த செய்தியை இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரி சொல்வார். பேட்டைக் கெட்டியாகப் பிடித்துத் தோளிலிருந்து வீசி அடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அந்தப் பந்து முப்பது கிராமை ஒட்டி இருக்கும், அதற்கு அது சரியாக இருந்திருக்கலாம். காக் எடை ஐந்து கிராம்தான். அதே வீச்சில் அடித்தால் கைதான் வலிக்கும்.

பையனை மாலை பேட்சில் விட்டுவிட்டு ஒரு வருடமாக ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மணிஷா ராமதாசும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வாங்கிய ஆட்டங்களை மொபைலில் பார்த்ததும் இதே பெஞ்சில்தான். மூன்று பேரும் நம் தமிழ்நாட்டுப் பெண்கள். துளசிமதி கோர்ட்டின் பின்மூலையிலிருந்து நெட்டுக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வேகமாக ஓடுகிறவர் ஓடுகிற மாதிரியே தெரியவில்லையே, கால் எப்படி வைக்கிறார் என்று முதல் முறையாக யோசித்தேன். பெரியவர்களுக்குக் காலையில் ஒரு பேட்ச் இருக்கிறது என்று விசாரித்ததும் அதற்கப்புறம்தான்.

முதல் நாள் பேட்டை வாங்கி ஓரமாக வைக்கச் சொன்னார் கோச். 27, 28 வயதிருக்கும், எங்களில் பெரும்பாலோரை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார், நாங்கள் அவரை சார் என்போம். அவர் கையில் ஒரு பழைய பேட், கைப்பிடியில் சுற்றியிருந்த கிரிப் டேப்பை முழுதாக உரித்து வைத்திருந்தார். உள்ளே வெறும் மரம். அந்த மரம் உருண்டையாக இல்லை, எட்டுப் பட்டை. ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னார். அகலமான பட்டை எது, குறுகலான பட்டை எது, சாய்வானது எது என்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்றார். இத்தனை வருடம் பேட் பிடித்திருக்கிறேன், அதற்குப் பட்டை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

அடுத்த ஒரு வாரம் இந்தப் பட்டைகளோடுதான் போனது. முன்கைப் பக்கம் (ஃபோர்ஹேண்ட்) அடிக்க, பேட்டைக் கத்தி மாதிரி செங்குத்தாக நிறுத்தி, கைப்பிடியோடு கை குலுக்குவது போலப் பிடிக்க வேண்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள 'வி' மேல்விளிம்புக்கு நேரே உட்கார வேண்டும். பின்கைப் பக்கம் (பேக்ஹேண்ட்) அடிக்க, கட்டைவிரலைத் தூக்கி அகலமான பட்டையின் மேல் தட்டையாக வைக்க வேண்டும், அடிக்கிற நேரத்தில் அந்த விரல் தள்ளும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது விரல் நுனியில் நடக்க வேண்டும், உள்ளங்கையில் கிடையாது. புதிதாக வருகிற எல்லோரும் செய்வது தோசைக்கரண்டிப் பிடி, அதாவது பேட்டின் முகம் வானத்தைப் பார்க்கப் பிடிப்பது. அதில் எதிரே வருகிற காக் தட்டிவிடச் சுலபமாக இருக்கும், ஆனால் தலைக்கு மேலே எதுவும் அடிக்க முடியாது, முழங்கைக்குக் கீழே கை சுழலவே இடமிருக்காது. நான் அந்தப் பிடிதான் முப்பது வருடமாகப் பிடித்திருக்கிறேன்.

அப்புறம் இறுக்கம். சார் ஒவ்வொருவராக வந்து, சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு விரலால் பேட்டைப் பிடித்து இழுப்பார். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் "சரி அக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்வார். வராவிட்டால் அங்கேயே நிற்பார். என்னிடம் நான்கு நாள் நின்றார். "குருவிக்குஞ்சு பிடிச்ச மாதிரி பிடிங்க அக்கா, பறந்தும் போகக் கூடாது, நசுங்கியும் போகக் கூடாது, அடிக்கிற அந்த ஒரு நொடி மட்டும் இறுக்கணும்." ஐந்தாவது நாள் பேட் அவர் கையோடு போனபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், பிறகு முதல் புள்ளி எடுத்தபோதுகூட வரவில்லை.

இரண்டாவது, மூன்றாவது வாரம் முழுக்கக் கால். இதை ஷேடோ என்கிறார்கள், காக் இல்லாமல் கோர்ட்டின் ஆறு மூலைக்கும் (முன்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு) போய்த் திரும்புவது. ஒரு பக்கத்துக் கோர்ட் நெட்டிலிருந்து பின்கோடு வரை 6.7 மீட்டர், இரட்டையருக்கு அகலம் 6.1 மீட்டர். பார்க்கச் சின்ன இடம். ஆனால் அதற்குள் நடுவில் நின்று, எதிராளி அடிக்கிற அதே நேரத்தில் ஒரு சின்னக் குதி குதித்து இரண்டு காலையும் விரித்து இறங்கி, அந்த இறக்கத்திலிருந்தே எந்தப் பக்கமும் கிளம்ப வேண்டும். அந்தக் குதியைச் சேர்ப்பதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. நெட் பக்கம் போகும்போது கடைசி எட்டு பெரிதாக, பேட் பிடித்த பக்கத்துக் காலில், குதிகால் முதலில் தரையில் பட வேண்டும், கால்விரலும் முழங்காலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தால் சார் எங்கிருந்தாலும் குரல் வரும். பின்னால் போகும்போது நெட்டைப் பார்த்தபடியே பின்னுக்கு நடக்கவே கூடாது, அப்படித்தான் மல்லாக்க விழுவார்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, பின்னால் இருக்கிற கால் முன்னால் போகாமல், ஒரு கால் இன்னொன்றைத் துரத்துகிற மாதிரி நகர வேண்டும்.

சலிப்பாக இருந்ததா என்றால், ஆமாம், இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே திருச்சி ஜூன் மாதம், காலை ஆறரைக்கே சட்டை நனைந்துவிடும், காற்றுக்கு காக் திசை மாறும் என்பதால் ஆடும்போது மின்விசிறி போட மாட்டார்கள். பக்கத்துக் கோர்ட்டில் வாடகைக்கு எடுத்து ஆடுகிறவர்கள் சிரித்துக்கொண்டு கேம் போட்டுக்கொண்டிருப்பார்கள், நாங்கள் இங்கே காற்றில் ஓடிக்கொண்டிருப்போம். ஆனால் அதே ஆட்களை இப்போது பார்க்கும்போது எனக்குத் தெரிவது வேறு. பத்து வருடமாக ஆடுகிற அண்ணன் ஒருவர், நல்ல அடி, ஆனால் முழங்கால் இரண்டிலும் கேப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். அவருக்கு யாரும் முதலில் காலைச் சொல்லித் தரவில்லை. அவரே என்னிடம் சொன்னார்.

நான்காவது வாரம்தான் காக் வந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய. சார் நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார், நாங்கள் வரிசையாக வந்து ஆளுக்கு இருபது அடித்துவிட்டுப் பொறுக்கப் போக வேண்டும். முதல் அடி டாஸ். புத்தகத்தில் கிளியர் என்று இருக்கும், இங்கே எல்லாரும் டாஸ் என்றுதான் சொல்கிறார்கள்: பின்கோட்டிலிருந்து எதிராளியின் பின்கோட்டுக்கு உயரமாக அனுப்புவது. தொடங்குகிறவர்களுக்கு இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கும், டிராப் (நெட்டை ஒட்டி மெதுவாக விழ வைப்பது), ஸ்மாஷ் (ஓங்கிக் கீழ்நோக்கி அடிப்பது) எல்லாவற்றுக்கும் ஆரம்ப அசைவு ஒன்றுதான். பக்கவாட்டில் நின்று, இடது கையைக் காக் இருக்கும் திசையில் தூக்கி, முழங்கையை முன்னே கொண்டுவந்து, உச்சியில், உடம்புக்குக் கொஞ்சம் முன்னால் தொட வேண்டும்.

மணிக்கட்டை உதறு, மணிக்கட்டில்தான் பலம் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சார் அதைத்தான் முதலில் அழித்தார். மணிக்கட்டு இல்லை, முழங்கைக்குக் கீழே உள்ள முன்கை உள்பக்கமாகச் சுழல்கிறது, அந்தச் சுழற்சிதான் பலம். இரண்டு பூட்டுச் சாவி கொண்டுவந்து கையில் கொடுத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காற்றில் பூட்டைத் திருப்பச் சொன்னார். அப்படித் திருப்பும்போது மணிக்கட்டு மடங்குவதில்லை, முன்கைதான் புரளுகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். 2023-இல் இந்திய இரட்டையர் வீரர் சாத்விக்சாய்ராஜ் ஒரு சோதனையில் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்து கின்னஸில் பதிவானாரே, அந்த வேகத்துக்கும் இதே முன்கைச் சுழற்சி முக்கியம் என்றார். எனக்கு அந்த வேகம் எதற்கு? தோள் வலிக்காமல் காக் பின்கோடு வரை போனால் போதும். ஏழாவது வாரம் ஒரு புதன்கிழமை போனது. சத்தமே வேறு, 'டப்' என்று சுத்தமாக, கையில் ஒரு பாரமும் தெரியவில்லை. வரிசையில் பின்னால் நின்ற 56 வயது அக்கா, ரிட்டயர்டு டீச்சர், கைதட்டினார்.

சர்வீஸ் சொல்லித்தந்த விதத்தையும் பாராட்ட வேண்டும். நெட் கம்பத்தில் தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்தில் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார். சர்வதேசப் போட்டிகளில் 2018 முதல் இதுதான் கணக்கு, காக் பேட்டில் படும் நேரத்தில் முழுதாக அந்த உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். முன்பு இடுப்பை வைத்துப் பார்த்தார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு இவ்வளவு கறாராக எதற்கு என்று தோன்றலாம், ஆனால் ஆரம்பத்திலேயே டேப்பைப் பார்த்துப் பழகியதால் கை தானாக அந்த உயரத்தில் நிற்கிறது. பின்கையில் குட்டையாகப் போடுகிற சர்வீஸ்தான் முதலில், காக்கின் இறகை இரண்டு விரலால் பிடித்து, பேட்டுக்கு முன்னால் வைத்து, தள்ள வேண்டும், அடிக்கக் கூடாது. நெட் நடுவில் 1.524 மீட்டர், அதாவது சரியாக ஐந்து அடி. குட்டை சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 1.98 மீட்டர். வீட்டு ஹாலில் ஜன்னல் கம்பிக்கும் பீரோக் கைப்பிடிக்கும் ஐந்தடி உயரத்தில் ஒரு கயிறு கட்டி, இந்தப் பக்கம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, அந்தப் பக்கம் அதே தூரத்தில் ஒரு துணிக்கூடையை வைத்து, தினமும் ஐம்பது போட்டேன். மொட்டை மாடியில் போட்டுப் பழகலாம் என்றால் ஆடிக் காற்று காக் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. முதல் நாள் கூடையில் நான்கு விழுந்தன. ஆகஸ்ட் கடைசியில் முப்பதுக்குக் குறைவதில்லை.

நெட் ஓரத்தில் ஆடுவது, ட்ரிபிள் (dribble) என்கிறார்கள், எட்டாவது வாரம் வந்தது. நெட் ஓரத்திலிருந்து பின்கோட்டுக்கு உயரமாகத் தூக்கி அனுப்புகிற லிஃப்ட் ஒன்பதாவது. இரண்டையும் வேகமாக ஓட்டிவிட்டார்கள், இன்னும் ஒரு வாரம் கொடுத்திருக்கலாம். ஸ்மாஷ் பத்தாவது வாரம்தான், அதுவும் டாஸ் சரியாக விழுகிறவர்களுக்கு மட்டும். வந்த முதல் நாளே ஸ்மாஷ் கேட்ட இளைஞர்களுக்கு இது கஷ்டமாக இருந்தது, எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது.

இனி குறைகள். பெரிய குறை கூட்டம். சேரும்போது ஒரு கோர்ட்டுக்கு ஆறு பேர் என்று சொன்னார்கள். ஜூலையில் இரண்டு கோர்ட்டுக்குப் பதினாறு பேர் இருந்தோம். எட்டுப் பேர் வரிசையில் நின்று ஆளுக்கு இருபது அடித்தால் உங்கள் முறை திரும்பி வருவதற்குள் உடம்பு ஆறிவிடுகிறது. நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போய்ப் பேசினோம், ஆகஸ்டில் ஏழு மணிக்கு இன்னொரு பேட்ச் பிரித்துக் குறைத்தார்கள். கேட்டால்தான் செய்கிறார்கள். இரண்டாவது, மாலை பேட்ச் குழந்தைகளைப் போட்டிக்குக் கூட்டிப் போகும் வாரங்களில் எங்கள் சார் இருக்க மாட்டார். பதிலுக்கு வருகிற தம்பி நன்றாக ஆடுவார், ஆனால் காக் போடுவதோடு சரி, கை கால் எதையும் திருத்த மாட்டார். மூன்று மாதத்தில் இப்படி ஒன்பது நாள் போனது. கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை, நாளும் நீட்டித் தரவில்லை. சேரும் முன் இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதை நான் மன்னிக்கவே மாட்டேன். ஷூ பற்றி முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. தரையில் மேட் போட்டிருக்கிறார்கள், அதில் நடைப்பயிற்சி ஷூ போட்டுக்கொண்டு ஷேடோ செய்ய விட்டார்கள். அந்த ஷூவுக்குக் குதிகால் உயரமாக, மெத்தென்று இருக்கும், நேராக ஓடுவதற்குச் செய்தது. பக்கவாட்டில் வெட்டி நின்றால் கணுக்கால் புரண்டுவிடும். ஷேடோ தொடங்கிய நான்காவது நாள் எங்கள் பேட்சில் ஒரு தங்கைக்கு அப்படியே புரண்டது. கால் வீங்கிக்கொண்டே வருகிறது, முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும்தான் இருந்தன, ஐஸ் இல்லை. எதிர் டீக்கடையில் போய் நான்தான் வாங்கி வந்தேன். ஆறு வாரம் அவள் வரவில்லை, திரும்ப வந்தபோதும் அந்தப் பக்கம் காலை ஊன்றப் பயந்தாள். மறுநாளே ஷூ கட்டாயம் என்று போர்டு எழுதிப் போட்டார்கள், அந்தப் போர்டு முந்தின வாரமே இருந்திருக்க வேண்டும். தயவுசெய்து, பேட்டுக்கு முன்னால் ஷூ வாங்குங்கள். அடிப்பாகம் தேன் நிறத்தில் கம் ரப்பராக, தட்டையாக, தரையில் கறை படியாத வகை, 'நான் மார்க்கிங்' என்று கேட்டால் எந்த விளையாட்டுக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். வெளியில் போட்டு நடந்துவிட்டு அதோடு உள்ளே வரக்கூடாது, மணல் ஒட்டினால் வழுக்கும்.

பேட் விஷயம். வரவேற்பில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார்கள். அங்கே என்னோடு சேர்ந்த ஒருவருக்கு ஆறாயிரம் ரூபாய் பேட் ஒன்றை, தலைப்பக்கம் கனமானது, நரம்பு (பேட் வலையின் இழை) 28 பவுண்டு இறுக்கத்துக்கு இழுத்தது, விற்றுவிட்டார்கள். இரண்டு வாரத்தில் அவருக்கு முழங்கை வலி. நரம்பு இறுக இறுக, அடிக்கச் சரியான இடம் சின்னதாகிவிடும், அதில் படாவிட்டால் அதிர்ச்சி முழுக்கக் கைக்கு வரும். சார் அதைப் பார்த்துவிட்டு நரம்பை வெட்டி 21 பவுண்டில் மறுபடி போடச் சொன்னார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 20 முதல் 23 பவுண்டு தாராளம். எடை 4யூ என்று கைப்பிடிப் பக்கம் எழுதியிருப்பதைப் பாருங்கள், 80 முதல் 84 கிராம் வரை வரும். தலைப்பக்கமும் பிடிப்பக்கமும் சமமாக இருக்கிற பேட்டாக எடுத்தால் போதும். நான் வாங்கியது இரண்டாயிரத்துக்குள், மூன்று மாதத்தில் அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பையனுடைய பழைய பேட்டை எடுத்துப் போனாலும் முதல் மாதம் ஓடிவிடும்.

காக் வகுப்பிலேயே தருகிறார்கள், நைலான், யோனெக்ஸ் மேவிஸ் 350. அடித்தளத்தில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும், பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. சூடான காற்று லேசாகிவிடுவதால் காக் அதிகத் தூரம் போகும், அதனால் நம் ஊர் வெயிலுக்குப் பச்சை பொருந்தும் என்கிறார் சார், வாளியில் பெரும்பாலும் நீலம்தான் கிடக்கிறது. நைலான் நாள்பட உழைக்கும், கற்றுக்கொள்கிற காலத்துக்கு நல்லது. ஆனால் பாவாடை, அதாவது காக்கின் விரிந்த பகுதி, கிழிந்து, ஒரு பக்கம் மடங்கிப் போனவற்றையும் வாளியில் விட்டுவைத்திருக்கிறார்கள். அது ஆடிக்கொண்டே வரும், நாம் தப்பாக அடித்தோமா காக் தப்பா என்றே தெரியாது. தொடங்குகிறவர்களுக்குத்தான் நேராக வருகிற காக் வேண்டும். கடைசி வாரம் ஒரு நாள் இறகு காக் கொடுத்தார்கள். கார்க்கில் பதினாறு இறகு, வாத்து இறகு, உயரத்தில் போய்ச் சட்டென்று வேகம் இழந்து நேராகக் கீழே இறங்குகிறது. நெட்டில் மெதுவாக வைத்தால் வைத்த இடத்தில் நிற்கிறது. ஒரு நாள் அதில் ஆடிவிட்டு மறுநாள் நைலானுக்குத் திரும்பினால் மனசு கேட்கவில்லை, ஆனால் அதற்கு இப்போது விலை ஏறிக் கிடக்கிறது, எங்கள் அடிக்கு ஒரு கேமில் இரண்டு உடைந்தது.

இடம் பற்றி: நான்கு கோர்ட், மேட் நன்றாக இருக்கிறது, விளக்குகள் பக்கவாட்டில் இருப்பதால் மேலே பார்க்கும்போது கண் கூசாது. கூரை உயரம் போதும். பெண்களுக்குத் தனி உடை மாற்றும் அறை இருக்கிறது, தாழ்ப்பாள் சரியாக விழுகிறது, தண்ணீர் வருகிறது. இதை எழுதுவதற்குக் காரணம், நான் போய்ப் பார்த்த மற்ற இரண்டு இடங்களில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. எங்கள் பேட்சில் பதினாறில் ஏழு பேர் பெண்கள் என்றால் அந்தத் தாழ்ப்பாளுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, வயதானவர்கள் என்று எங்களைச் சும்மா ஓடவிட்டு வியர்வை எடுத்து அனுப்பாமல், குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிற அதே ஒழுங்கில் எங்களுக்கும் சொல்லித் தந்தது. அந்த 56 வயது அக்காவுக்கும் அதே ஆறு மூலைதான், வேகம் மட்டும் அவர் இஷ்டம். கடைசி இரண்டு வாரம் இரட்டையர் கேம் போட்டோம், 21 புள்ளி. நானும் அந்த அக்காவும் ஒரு ஜோடி. முதல் கேம் 21-9 தோற்றோம், அடுத்தது 21-17. இரண்டாவதில் என் குட்டை சர்வீஸ் ஒன்றுகூட நெட்டில் விழவில்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிப் போய் மணிக்கு 300 ரூபாய் கோர்ட் எடுத்தேன். 71 வயது, ஆட மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து என் பேட்டை வாங்கிப் பிடித்துப் பார்த்தார். பழைய பிடி, கெட்டியாக. நான் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. "என்னம்மா பண்றே?" என்றார். கட்டைவிரலை எடுத்து அகலமான பட்டையில் வைத்துக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல இதெல்லாம் யாரும் சொல்லலைம்மா" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடம் நெட் ஓரம் நின்று எனக்குக் காக் தூக்கிப் போட்டார்.

அடுத்த மூன்று மாதத்துக்கும் கட்டிவிட்டேன். சேர நினைக்கிறவர்கள் ஏப்ரல், மே வேண்டாம், கோடை விடுமுறைக் குழந்தைகள் கூட்டத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆறு மணி பேட்ச் கிடைத்தால் அதையே எடுங்கள். ஏழு மணிக்கு மேல் கிழக்குப் பக்க வென்டிலேட்டர் வழியாக வெயில் நேராக முதல் கோர்ட்டில் விழுகிறது, டாஸ் அடிக்க மேலே பார்த்தால் காக் தெரியாது.